சைபர் யூனிட்

லைட் பில்லைக் கையில் எடுத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வரும். தொகை கூடிவிட்டது என்பதற்காக இல்லை. எவ்வளவு வந்தாலும் முணுமுணுத்துக்கொண்டு கட்டிவிடுகிறவள்தான் நான். அந்தத் துண்டில் 'யூனிட்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதைப் பார்த்தால்தான். அந்தக் கட்டத்துக்குள் விழுந்த ஒரு சைபருக்காக என் தம்பி ஒன்பது நாள் பொலிஸில் இருந்தான். அந்தச் சைபரைப் பாடுபட்டு வாங்கி வைத்தவள் நான். அதனால் இந்தக் கோபத்தில் பாதி என்மேலேயே.

சண்டை நடந்த காலம். கொழும்பில், வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்குகிற ஓர் ஒழுங்கையில் மேல்மாடி இரண்டு அறையை வாடகைக்கு எடுத்து நானும் தம்பியும் இருந்தோம். எனக்குப் பம்பலப்பிட்டியில் ஒரு கணக்காய்வாளர் கந்தோரில் டைப் அடிக்கிற வேலை. அவன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரனின் பதிலுக்காகக் காத்திருந்தான். இருபத்தாறு வயது. கொழும்பில் தங்குகிற தமிழர் அப்போது பொலிஸில் பெயர் பதிய வேண்டும், அவனையும் முறையாகப் பதிந்துதான் வைத்திருந்தேன். ஆனாலும் அந்த வயதுப் பெடியன் காலி வீதியில் இறங்கினால் எந்தச் சோதனையில் மறித்துப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று சொல்ல முடியாது. ஆகவே அவன் பகல் முழுக்க வீட்டுக்குள்ளேயே கிடந்தான்.

வெள்ளவத்தையில் எங்கள் ஆட்கள் எல்லோரிடமும் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். அதற்குள் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, கட்டி முத்திரை குத்தின கடைசி லைட் பில். பதிவுத் துண்டை மட்டும் நீட்டினால், பதிந்த விலாசத்தில்தான் உண்மையில் இருக்கிறாயா என்று இழுபடுவார்கள். கூடவே பில்லையும் நீட்டினால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. அடிபட்டு அடிபட்டுச் சனம் தானாகக் கண்டுபிடித்த வழி. ஊரில் காணி உறுதியைக்கூட நாங்கள் அப்படிப் பத்திரப்படுத்தியதில்லை.

எங்கள் வீட்டுக்காரர் லண்டனில். பில் அவருடைய பெயரில்தான் வந்தது. அதை என் பெயருக்கு மாற்ற நான் பட்ட பாட்டை எழுதினால் அதுவே ஒரு புத்தகம் வரும். வீட்டுக்காரரின் கடிதம் கொண்டு வா என்றார்கள். கொண்டு போனால் ஜே.பி. என்கிற சமாதான நீதவானின் கையெழுத்து எங்கே என்றார்கள். அதுவும் வாங்கிக்கொண்டு போனால், கடிதத்துக்கு மூன்று மாதம் கடந்துவிட்டது, புதுக் கடிதம் வேண்டும் என்றார்கள். அதன்பிறகு மாதாமாதம் கட்டுகிற வரிசை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் நிற்பேன். என் முறை வரும்போது காசாளர் தன் சாப்பாட்டுக்கு எழும்பிவிடுவார். முத்திரை தெளிவாக விழவில்லை என்றால் நான் அந்த இடத்தை விட்டு அசையமாட்டேன், இன்னொருதரம் குத்தச் சொல்லி நிற்பேன். பின்னால் நிற்கிறவர்கள் ஏசுவார்கள். அவர்களுக்கென்ன, அந்த முத்திரையை வீதியில் ஓர் ஆமிக்காரன் வாசிக்க வேண்டும் என்பது எனக்கல்லவா தெரியும்.

அந்த வருஷம் மழை பொய்த்து மின்வெட்டு வந்தது. கொழும்புச் சனம் அந்தரப்பட்டுப் போனது. ஐஸ்பெட்டிக்குள் மீன் கெட்டுவிட்டதாம், ரீவியில் நாடகம் பார்க்க முடியவில்லையாம். எனக்கும் தம்பிக்கும் சிரிப்பாக இருந்தது. நாங்கள் ஊரில் வருஷக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்டவர்கள்.

ஒருநாள் நான் வேலையால் வந்தபோது அவன் மொட்டைமாடியில் நின்று ஒரு நூல் துண்டைக் காற்றில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கடல்காத்து முழுக்கச் சும்மா போகுதக்கா," என்றான்.

வீட்டுக்குக் காத்தாடி செய்யப்போகிறானாம், அதில் கரண்ட் எடுக்கப்போகிறானாம். கண்டறியாத காத்தாடி என்று முதலில் ஏசினேன். பிறகு, அடைபட்டுக் கிடக்கிறவன், எதையாவது செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அவன் வெளியே போக முடியாது என்பதால் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்கு நான் போனேன். அவன் எழுதித் தந்த துண்டோடு, சேலை கட்டிய ஒருத்தி கார் டைனமோவுக்கு விலை பேசுவதைப் பார்த்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். டைனமோவும் ஒரு பழைய லொறிப் பற்றறியும் கொண்டுவந்து சேர்த்தேன்.

அவன் அந்த டைனமோவைக் குடைந்து, உள்ளே இருந்த செப்புக் கம்பியை எடுத்துவிட்டு, மெல்லிய கம்பியைப் புதிதாகச் சுற்றினான். மெதுவான காற்றுக்கும் அது வேலை செய்ய வேண்டும் என்றால் சுற்றுக் கூட வேண்டுமாம். நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, நீளமான விரல்களால் ஒவ்வொரு சுற்றாகப் போட்டுக்கொண்டு வாய்விட்டு எண்ணுவான். "நூற்றிப் பதினாலு, நூற்றிப் பதினைஞ்சு." இடையில் நான் சாப்பிடக் கூப்பிட்டால் எண்ணிக்கை பிசகிவிடும். "விசராக்காதை அக்கா" என்று கத்திவிட்டு, எல்லாவற்றையும் கழற்றி முதலிலிருந்து தொடங்குவான். எந்தச் சுருளில் எத்தனை சுற்று என்று அவனுக்கு மனப்பாடம். பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை நெடுக்காகப் பிளந்து அராவிச் சிறகு செய்தான். பிஸ்கட் தகரத்தை வெட்டி வால் வைத்தான். தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் இரும்புக் குழாயொன்றை நட்டு அதன் உச்சியில் ஏற்றிவிட்டு, கடலிலிருந்து சோளகக் காற்று எழும்பட்டும் என்று காத்திருந்தான்.

சோளகம் எழும்பியது. காத்தாடி சுற்றியது. மூன்று சின்ன பல்ப் எரிந்தது, றேடியோ பாடியது. கொழும்புக்கு வந்தபிறகு அவன் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

அந்த மாதப் பில்லைப் பார்த்ததும்தான் எனக்குக் கோபம் தலைக்கேறியது. பாதி நாள் கரண்டே இல்லை, மிச்சத்துக்குக் காத்தாடி. ஆனால் பில் வழமையைவிட இரட்டிப்பு. லைட் கந்தோருக்குப் போய்க் கேட்டேன். மீற்றர் பார்க்க வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது, அதனால் உத்தேசமாகப் போட்டிருக்கிறது என்றார்கள். முதலில் கட்டு, பிறகு எழுதித் தா என்றார்கள். எழுதித் தருகிற படிவமும் சிங்களத்தில் மட்டும். கட்டினேன். கட்டாமல் விட்டால் வயரை வெட்டுவார்கள், வெட்டினால் பில் வராது, பில் வராவிட்டால் உறைக்குள் எதை வைப்பது?

அடுத்த சனிக்கிழமை மீற்றர் பார்க்கிறவர் வந்தபோது படியடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். பென்சன் எடுக்கிற வயதில் ஒரு சிங்கள மனுசன். காக்கி உடுப்பு, தோளில் காக்கிப் பை, கையில் கறுப்புக் குடை. என் வீடு எப்போது பூட்டிக் கிடந்தது, உன் கண் என்ன பொட்டையா என்று எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் அவர் தலையில் கொட்டினேன். அவர் அண்ணாந்து எங்கள் முன்னறை யன்னலை ஒருதரம் பார்த்துவிட்டு, எழுதவேண்டியதை எழுதித் தந்துவிட்டுப் போனார்.

அன்று பின்னேரமே மெயின் சுவிட்சை இறக்கினேன். இனி இந்த அறுவாங்களுக்கு ஒரு யூனிட் கொடுக்கமாட்டேன் என்று சபதம். சமையல் மண்ணெண்ணெய் அடுப்பில். சேலை தேய்த்து மினுக்கச் சிரட்டைக்கரிப் பெட்டி. வெளிச்சத்துக்குக் காத்தாடி. எங்களுக்கு இதெல்லாம் என்ன புதிதா? தம்பிதான் தயங்கினான். ஒரு பல்பாவது மெயினில் எரியட்டும், அடியோடு நிற்பாட்டினால் மீற்றர் பழுது என்று நினைப்பார்கள் என்றான். நீ உன் வேலையைப் பார் என்று வாயை அடைத்துவிட்டேன்.

இரண்டு மாதம் பில் சைபர் யூனிட்டோடு வந்தது. நிலையான கட்டணம் மட்டும், கொசுறுக் காசு. நான் வேலை செய்கிற கந்தோரில் எல்லோருக்கும் காட்டினேன். வீதியில் போகிறவளைக் கூப்பிட்டுக் காட்டாதது ஒன்றுதான் குறை. பழைய பில்லையெல்லாம் உறையிலிருந்து எடுத்துவிட்டு அந்தச் சைபர் பில் இரண்டையும் முன்னுக்கு வைத்தேன். படித்தவள், கணக்காய்வாளர் கந்தோரில் வேலை செய்கிறவள். ஒரு துண்டை வேறொருவன் என்னவென்று வாசிப்பான் என்று ஒரு நிமிஷம் யோசித்தேனா?

நகரத்தில் எங்கோ குண்டு வெடித்திருந்தது. ஞாயிறு காலை பத்து மணிபோல ஒழுங்கை முழுக்க வீடு வீடாகச் சோதனை. எங்கள் வீட்டுக்கு ஒரு பொலிஸ் அதிகாரியும் இரண்டு ஆமிக்காரரும் வந்தார்கள். நான் பயப்படாமல் உறையை நீட்டினேன். அதிகாரி பதிவுத் துண்டைப் பார்த்தார். பில்லைப் பார்த்தார். மறுபடி பதிவுத் துண்டைப் பார்த்தார். பதிவில் இரண்டு பேர், பில்லில் இரண்டு மாதமாக ஒன்றுமில்லை, இந்த வீட்டில் ஆள் இல்லை என்றார். பதிந்தது இங்கே என்றால், இந்தப் பெடியன் உண்மையில் எங்கே இருக்கிறான் என்று கேட்டார்.

காத்தாடியைப் பற்றிச் சொன்னேன். ஆமிக்காரர் இருவரும் சிரித்தார்கள். கொழும்பில் கரண்ட் இல்லாமல் யார் இருக்கிறார்கள் என்று அதிகாரி கேட்டார். அப்போதாவது நான் வாயைப் பொத்தியிருக்கலாம். பொத்தவில்லை. யாழ்ப்பாணம் முழுக்க இத்தனை வருஷமாக அப்படித்தான் இருக்கிறது என்று, அவருக்கு நன்றாக விளங்கும்படி, சிங்களத்திலேயே சொன்னேன்.

அவர் முகம் மாறியது. மேலே ஏறிப் பார்த்தார்கள். குழாய், வயர், தகர வால், பற்றறி. கடலில் வருகிற வள்ளத்தோடு கதைக்கிற சாமானா என்று ஒருவன் தம்பியைக் கேட்டான். அவன் பொறுமையாக, இந்தச் சுருளில் இத்தனை சுற்று, இந்தக் காற்றுக்கு இவ்வளவு கரண்ட் என்று விளங்கப்படுத்தப் போனான். அது இன்னும் வினையாகிவிட்டது. இடுப்பில் கட்டியிருந்த சாரத்தோடு அவனை இறக்கிக்கொண்டு போனார்கள். சேட்டு மாற்றக்கூட விடவில்லை. பற்றறியையும் தூக்கிக்கொண்டு போனார்கள். கீழ்வீட்டில் இருந்ததும் எங்கள் ஆட்கள்தான். யன்னல்களைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அவர்கள் வீட்டிலும் பெடியன்கள் இருந்தார்கள், அவர்களில் நான் என்ன குற்றம் சொல்ல?

அடுத்த நாலு நாளும் ஸ்டேசன் வாசலில் நின்றேன். அவனைப் பார்க்க விடவில்லை. மேசையில் இருந்தவர் ஒவ்வொரு நாளும் ஒரே கதையைத்தான் சொன்னார். அவன் அந்த வீட்டில் இருந்தான் என்பதற்கு என்ன ஆதாரம், உங்களுடைய பில்லே ஆள் இல்லை என்கிறதே என்றார். காற்றில் எடுத்த கரண்ட் என்று நான் நூறாவது முறையும் சொன்னபோது, "காத்துக்கு ரசீது இருக்கா நோனா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எத்தனை மாதம், எத்தனை வரிசை, எத்தனை முத்திரை? அத்தனையையும் கொண்டுபோய் நானே நாசமாக்கிவிட்டு வந்து நிற்கிறேன்.

அந்த வீட்டுக்கு மாதாமாதம் வந்துபோன அரசாங்க ஆள் யார் என்று அங்கே நின்றபடியே யோசித்தேன். ஒருவர்தான். நான் கண் பொட்டையா என்று கேட்டவர்.

லைட் கந்தோருக்குப் போய் மீற்றர்க்காரர் எங்கே என்று கேட்டேன். முத்திரைக்காக நான் சண்டை பிடிக்கிற அதே காசாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, காரணம் கேட்காமல், அவர் இன்றைக்குப் பாமன்கடைப் பக்கம் என்று சொன்னார். பாமன்கடை ஒழுங்கை ஒவ்வொன்றாக வெயிலில் ஏறி இறங்கினேன். ஒரு மதிலோரம் மீற்றர்ப் பெட்டியைத் திறந்துவைத்து எழுதிக்கொண்டு நின்றார். நடந்ததைச் சொன்னேன். இவருக்கு இது நல்ல சந்தர்ப்பம், நான் ஏசியதற்கு இன்றைக்குத் திருப்பித் தரப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அவர் புத்தகத்தை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னார். அந்த மாதம் வீடு பூட்டியிருக்கவில்லையாம். மூன்றுதரம் மணி அடித்தாராம். முன்னறைத் திரைச்சீலை அசைந்ததாம். உள்ளே ஒரு பெடியன் மூச்சுக்காட்டாமல் நிற்கிறான் என்று அவருக்கு விளங்கியதாம். அதற்கு முந்திய மாதமும் அப்படித்தானாம். இந்தக் காலத்தில் காக்கி போட்டவன் மணி அடித்தால் எந்தத் தமிழ்ப் பெடியன் திறப்பான், மேலும் பயப்படுத்த வேண்டாம் என்று 'வீடு பூட்டு' என்று எழுதிவிட்டுப் போனாராம்.

மணிச்சத்தம் கேட்டு ஒளித்து நின்றதைத் தம்பி எனக்குச் சொல்லவே இல்லை. நான் லைட் கந்தோரில் போய்க் கத்திவிட்டு வந்து சொன்னதையும், இந்த மனுசனைப் படியடியில் வைத்து ஏசினதையும் கேட்டுக்கொண்டு உள்ளே இருந்திருக்கிறான். பயந்துவிட்டேன் என்று அக்காவிடம் சொல்ல வெட்கம். அவனில் வந்த கோபம் அவனோடு நிற்கவில்லை. இருபத்தாறு வயதுக்காரனைத் திரைச்சீலைக்குப் பின்னால் நிற்க வைத்தவர்களை என்ன செய்வது?

மறுநாள் அவர் வேலைக்குப் போகாமல், கழுவி மினுக்கின காக்கி உடுப்போடு, மீற்றர்ப் புத்தகத்தையும் கொண்டு ஸ்டேசனுக்கு வந்தார். காலையிலிருந்து பின்னேரம் மட்டும் என் பக்கத்தில் மர வாங்கில் குந்தி இருந்தார். கூப்பிட்டபோது உள்ளே போய், மாதாமாதம் அந்த வீட்டில் ஆள் இருந்ததைக் கண்டவன் நான், மீற்றரிலும் பிழையில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அதற்குப் பிறகும் அந்தக் கடுதாசி இந்தக் கடுதாசி என்று மூன்று நாள் இழுத்துத்தான் தம்பியை விட்டார்கள்.

பற்றறியையும் திருப்பித் தந்தார்கள். சேதம் இல்லாமல் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வாங்கினார்கள். உண்மைதான், பற்றறியில் ஒரு கீறல் இல்லை. தம்பியின் வலக்கையில் இரண்டு விரல் சீலைத்துண்டால் சுற்றியிருந்தது. கதவில் நசிந்தது என்றான். அதற்குமேல் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொன்னதில்லை. அது கதவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். அந்த விரல்கள் பிறகு மடங்கவே இல்லை.

காத்தாடியை நான்தான் கழற்றினேன். எந்த நட்டை முதலில் திருப்புவது என்று அவன் கீழே நின்று சொன்னான். மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டு, பட்டப்பகலில் வீட்டில் இருந்த அத்தனை பல்பையும் போட்டேன். காத்தாடிக்குச் செலவழித்த அளவு காசுக்கு மின்சார மினுக்குப்பெட்டியும் வாங்கி, மினுக்க ஒன்றுமில்லாமல் சூடாக வைத்திருந்தேன். மாத முடிவில் மீற்றர்க்காரர் வந்தார். மீற்றருக்குள் சில்லு பறந்துகொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நோனா, எல்லாம் வேணாம்," என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "ஒண்ணு போதும்."

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிளேன்ரீ கொடுத்தேன். படியில் இருந்து குடித்துவிட்டுப் போனார்.

அரை வருஷத்தில் தம்பி கனடா போய்ச் சேர்ந்தான். நான் அதே ஒழுங்கையில்தான் இருக்கிறேன். இப்போது வரிசை இல்லை, பில் போனுக்கு வருகிறது. போனிலேயே கட்ட வேண்டுமாம். இரகசிய இலக்கம் வந்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்க்கிறதுக்குள் நேரம் முடிந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்கு என்கிறது. காசு போய்விடும், கட்டினதாகக் காட்டாது. கேட்கப்போனால் ஒரு பெட்டை பதிவு பண்ணின குரலில் ஒன்றை அமத்து, இரண்டை அமத்து என்கிறாள். ஏசுவதற்குக்கூட ஆளில்லாமல் செய்துவிட்டார்கள். முத்திரை குத்தின துண்டும் இல்லை. எங்கள் படியடி பல்ப் மட்டும் இரவு பகல் எரிகிறது. ஏன் வீணாக எரிகிறது என்று கேட்கிறவர்களோடு நான் கதைப்பதில்லை.

போன கிழமை தம்பி போன் எடுத்தான். நகரத்துக்கு வெளியே, வயல்வெளிப் பக்கம் வீடு வாங்கியிருக்கிறான். வளவில் காத்தாடி பூட்டியிருக்கிறானாம். பில் சைபராம், சில மாதம் மிச்சக் கரண்டுக்கு லைட் கந்தோர்க்காரரே இவனுக்குக் காசு தருகிறார்களாம். போனில் படம் அனுப்பினான். வெள்ளை வெளேரென்று, மூன்று சிறகோடு, வடிவாக நின்றது. வீட்டில் ஆள் இருக்கிறதா என்று ஒருத்தரும் வந்து கேட்கவில்லையா என்று கேட்கப் போனேன். அதை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டேன்.

"நீயே செய்தனியோடா?"

"இல்லையக்கா. கொம்பனி ஆக்கள் வந்து பூட்டினவை. நான் கீழ நிண்டு பாத்தனான்."

"உள்ள எத்தினை சுத்துச் சுத்தியிருக்கு?"

அவன் பக்கத்தில் காற்று இரைவது மட்டும் கேட்டது.

"தெரியாதக்கா," என்றான். "நான் கேக்கேல்லை."